பீனட் பட்டர் உருண்டை: சாக்லேட்டுக்கும் வேலூர் வெயிலுக்கும் நடுவில்

சாக்லேட்டில் உள்ள கொக்கோ விதையின் கொழுப்பான கொக்கோ பட்டர், முறையாக உறைந்திருந்தால் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். வாயில் போட்டதும் சாக்லேட் கரைவது இதனால்தான். சித்திரை, வைகாசியில் எங்கள் சத்துவாச்சாரி வீட்டுச் சமையலறையே 36, 37 டிகிரியில் நிற்கிறது. பின்னால் பாறைக் குன்று, மேலே வெயில் குடித்த மொட்டைமாடி. சாக்லேட் வாய்க்குப் போகும்வரை காத்திருக்காது, தட்டிலேயே கரைந்துவிடும். ஆகவே வேலூரில் சாக்லேட் பூசிய பீனட் பட்டர் உருண்டை செய்ய இறங்குபவர்கள் முதலில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். செய்முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் மார்கழியைத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் சமையலறை 22, 23 டிகிரியில் இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு வேலையை முந்தைய நாளே முடித்துவிட்டால், காலை ஒன்பது மணி வரை சாக்லேட்டுக்கு உகந்த நேரம் கிடைக்கிறது. தீபாவளிக்குச் செய்யலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஐப்பசி அடைமழையில் வெப்பம் குறைந்தாலும் காற்று நனைந்து கிடக்கும். சாக்லேட்டுக்கு வெயில் ஒரு பகை என்றால் ஈரம் அதைவிடப் பெரிய பகை.

செய்யப்போகும் பண்டம் இதுதான்: வேர்க்கடலையை வெண்ணெய் போல அரைத்து, இனிப்புச் சேர்த்து உருண்டை பிடித்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி உறையவிடுவது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இதற்கு ‘பக்ஐ’ என்று பெயர். அங்குள்ள அதே பெயருடைய ஒரு மரத்தின் விதை கரும்பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் மட்டும் வெளிறிய வட்டத்தோடு இருக்கும். அந்தச் சாயலில் உருண்டையின் தலையில் கொஞ்சம் இடம் விட்டு முக்குவார்கள். இதே சுவைச் சேர்க்கையின் கடைச்சரக்கு வடிவம்தான் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் ரீஸ் என்பவர் 1928இல் விற்கத் தொடங்கிய பீனட் பட்டர் கப். அந்த ஊர்களின் அடுக்களைக் கணக்கு வேறு. அங்கே மேசைமேல் வைத்த வெண்ணெய் கெட்டியாகவே இருக்கும். அவர்களுடைய அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது களி.

கடலை

கடலைக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் மானாவாரியில் மல்லாக்கொட்டை உண்டு. ஆரணி, போளூர் பக்கம் போனால் இன்னும் அதிகம். ஆடிப் பட்டத்தில் விதைத்தது ஐப்பசி வாக்கில் பிடுங்கப்பட்டு, கார்த்திகையில் சந்தைக்கு வந்துவிடுகிறது. இங்கே விளைவது பெரும்பாலும் கொத்து ரகம். பருப்பு சிறியது, எண்ணெய் அதிகம். எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அரைப்பதற்கு அது வரம். உருண்டையாக நிற்க வேண்டும் என்னும்போது அதுவே தொல்லை.

மண்டித் தெருவில் கேட்டபோது கடைக்காரர் புதுக் கடலை மூட்டையைக் கையால் மூடிக்கொண்டார். “அரைக்கவா? இது இன்னும் காயவில்லை அம்மா. அந்த மூட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள்.” அவர் சொன்னது சரி. ஈரம் உள்ள பருப்பு வெளியே சிவந்தாலும் உள்ளே பச்சை வாடை நிற்கும். அரைத்தாலும் எண்ணெய் லேசில் பிரியாது. இரண்டு பருப்புகளை விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பிளக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் வேண்டாம்.

தோலோடு 300 கிராம் எடுத்துக்கொண்டேன். வறுப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குவது சலிப்பான வேலைதான். ஆனாலும் விட முடியாது. சுருங்கியது, கறுத்தது, பச்சையாகவோ மஞ்சளாகவோ பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும். வேர்க்கடலையில் வரும் பூஞ்சை ‘அஃப்லடாக்சின்’ என்ற நஞ்சை உண்டாக்குகிறது. வறுத்தால் போய்விடும் என்று நினைப்பது தவறு, முழுவதும் போகாது. முழுக் கடலையாகத் தின்னும்போது கசப்பானதை நாக்கு கண்டுபிடித்துத் துப்பிவிடும். அரைத்துவிட்டால் ஒரு சொத்தை எல்லாவற்றிலும் கலந்துவிடுகிறது.

தள்ளுவண்டியில் மணலில் வறுத்துத் தரும் கடலைக்கு ஈடான வறுவல் வீட்டில் வராது, ஒப்புக்கொள்கிறேன். சூட்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கொடுப்பதில் மணலை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அதை வாங்கி அரைக்கக் கூடாது. எவ்வளவு சலித்தாலும் இரண்டு மணல் துகள் ஒட்டியிருக்கும். சாக்லேட்டின் வழவழப்புக்கு நடுவே அது பல்லில் பட்டால் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

கனமான இரும்பு வாணலி, சிறு தீ, இருபது நிமிடம். கை ஓயாமல் கிளற வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு தோல் வெடிக்கும் சத்தம், அதன்பின் வாசனை. பருப்பு ஒன்றைப் பிளந்து நடுப்பகுதியின் நிறத்தைப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. வெளி நிறம் ஏமாற்றும். உள்ளே இளம் பொன்னிறம் வந்ததும் இறக்கி, உடனே அகலமான தட்டில் பரப்ப வேண்டும். வாணலியிலேயே விட்டால் இரும்பின் சூட்டில் இன்னும் ஒரு படி கறுக்கும். கடலை வெண்ணெய்க்குச் சட்னியைவிடச் சற்றுக் கூடுதலான வறுவல் வேண்டும் என்பது என் கட்சி. சாக்லேட்டின் கசப்புக்கு முன்னால் இளவறுவல் எடுபடுவதில்லை.

ஆறியதும் பருத்தித் துணியில் கட்டிக் கசக்கினால் தோல் கழன்றுவிடும். புடைப்பது அத்தையின் வேலை. என் மாமியாருக்கு முறத்தைக் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். நான் புடைத்தால் தோல் முறத்தில் நிற்கும், பருப்பு தரையில் ஓடும். தோலோடு பருப்பின் நுனியில் உள்ள சிறு முளையும் உதிர்ந்து வரும். அதுவும் லேசாகக் கசக்கும். பெரிய ஆலைகளில் அதையும் தனியே பிரித்தெடுக்கிறார்கள். முறத்தில் பாதி போனாலே நமக்குப் போதும்.

அரைப்பது

சட்னி ஜார்தான் சரி. பெரிய ஜாரில் போட்டால் கடலை சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டு, கத்தி வெற்றிடத்தில் சுழலும். பருப்பு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே இரண்டு பாகமாகப் பிரித்து அரைத்தேன். சூடாக இருந்தால் எண்ணெய் சீக்கிரம் இளகி வெளியே வரும்.

அரைபடும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுவாரசியம். முதலில் ரவை. பிறகு மாவு. அந்த மாவு ஜாரின் சுவரில் ஈரமில்லாத களிமண் போலப் படிந்து அசைய மறுக்கும் இடத்தில்தான் பலர் எண்ணெயை ஊற்றுகிறார்கள், சிலர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மூடியைத் திறந்து, கரண்டியால் வழித்துவிட்டு, மீண்டும் ஓட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரு கட்டியாகத் திரண்டு கத்தியோடு சுற்றும். அதையும் தாண்டினால் கட்டி திடீரென்று இளகிப் பளபளவென்று ஓட ஆரம்பிக்கும். கடலையின் சுவர் உடைந்து அதற்குள் இருந்த எண்ணெய் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அது. மிக்ஸி ஓடிய நேரம் மட்டும் கணக்கிட்டால் நான்கைந்து நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுத்தால் மோட்டார் பிழைக்கும். கடைசியில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல் தூள் உப்பு. இந்த உப்பைக் குறைக்காதீர்கள்.

கிரைண்டரில் அரைத்தால் இன்னும் நைசாக வரும். வெளிநாடுகளில் சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் பலர் கொக்கோவை அரைக்கக் கல் உருளை கொண்ட நம் ஊர் டேபிள் டாப் கிரைண்டரின் மாற்றி அமைத்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இட்லிக்காகக் கோயம்புத்தூரில் பிறந்த இயந்திரம் பெல்ஜியச் சாக்லேட்டோடு போட்டிபோடும் பண்டத்துக்கு அடித்தளமாக இருப்பதில் எனக்குப் பெருமைதான். அதைச் சொல்லி எங்கள் கிரைண்டரைக் கேட்டுப் பார்த்தேன். “மறுநாள் இட்லியில் கடலை எண்ணெய் மிதக்கும். உன் மிக்ஸியை எடுத்துக்கொள்” என்று அத்தை முடித்துவிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கல்லில் ஏறிய எண்ணெயைக் கழுவி எடுப்பது கடினம், கல்லில் மிச்சமிருக்கும் ஈரமோ சாக்லேட்டுக்கு ஆகாது.

கடையில் விற்கும் பீனட் பட்டரை வாங்கிச் செய்தால் என்ன? செய்யலாம். உருண்டை பிடிக்க அதுதான் எளிது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் இருக்க அதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். அந்தக் கொழுப்பு அறை வெப்பத்தில் கெட்டியாக நின்று எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் இருக்கும், ஆகவே கீழே சொல்லும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாசனையைப் பொறுத்தவரை, அன்று காலை வறுத்த கடலைக்குப் பக்கத்தில் அது நிற்காது.

பூரணம்

இந்த வேலையின் முடிச்சு இங்கேதான். அமெரிக்கச் செய்முறைகளில் கடலை வெண்ணெயின் எடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ பொடித்த சர்க்கரை போடுகிறார்கள், கால் பங்கு வெண்ணெயும் சேர்க்கிறார்கள். சர்க்கரை அங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை. எண்ணெயை உறிஞ்சி உருண்டைக்கு எலும்பாக நிற்பதும் அதுதான். சர்க்கரையைக் குறைத்தால் உருண்டை சரியும். கூட்டினால் நம் நாக்கு தாங்காது, மூன்றாவது உருண்டையில் திகட்டிவிடும். வெண்ணெயின் கதை இன்னும் மோசம்: அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், வேலூர் வெப்பத்தில் அது கெட்டியாக நிற்கவும் நிற்காது.

இதற்கு விடை மாலாட்டில் இருக்கிறது. பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்தால் எண்ணெயையும் நெய்யையும் குடித்துக்கொண்டு நிற்கும் என்பது நம் வீடுகளுக்குப் புதிய செய்தியா? ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாடையும் இல்லை. வாணலியில் இரண்டு நிமிடம் சூடு காட்டி ஈரத்தை ஓட்டி, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்தேன். வெண்ணெயை அடியோடு விலக்கிவிட்டு, அந்த இடத்தில் கொக்கோ பட்டரைக் கொஞ்சம் உருக்கிச் சேர்த்தேன். அதில் தண்ணீர் கிடையாது, 30 டிகிரி வரை கெட்டியாகவே நிற்கும், வெளியே பூசப்போகும் சாக்லேட்டுக்கும் சொந்த இனம்.

நான் கடைசியில் நிலைத்த அளவு: கடலை வெண்ணெய் 250 கிராம், பொடித்துச் சலித்த சர்க்கரை 120 கிராம், பொட்டுக்கடலை மாவு 60 கிராம், கொக்கோ பட்டர் 25 கிராம். பொட்டுக்கடலை இதற்கு மேல் போனால் தொண்டையில் விக்கும், மாலாடு முன்னே வந்து பீனட் பட்டர் பின்னே போய்விடும். கொக்கோ பட்டர் கிடைக்காவிட்டால் மேலே பூசப்போகும் டார்க் சாக்லேட்டிலேயே 50 கிராமை உருக்கிச் சேர்க்கலாம். நிறம் கறுக்கும், வேறு குறையில்லை.

நாட்டுச்சர்க்கரை போட்டால் உடம்புக்கு நல்லதே என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. நாட்டுச்சர்க்கரையில் ஈரம் உண்டு, காற்றிலிருந்து இன்னும் ஈரத்தை இழுக்கும். பூரணம் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடுகிறது, பற்களில் நறநறக்கவும் செய்கிறது. வெல்லத்தின் மணம்தான் வேண்டுமென்றால் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கவே இருக்கிறது, அதைத் தின்னலாம். பனங்கற்கண்டை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். நன்றாகக் காய்ந்ததைப் பொடித்துச் சலித்து, சர்க்கரையில் கால் பங்குக்குப் பதிலாகப் போட்டால் ஒத்துவருகிறது.

எல்லாவற்றையும் பிசைந்தபோது முறுக்கு மாவைவிட இளக்கமான பதம் வந்தது. அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒன்று 11, 12 கிராம் வருமாறு உருட்டினேன். சிறிய நெல்லிக்காய் அளவு. நாற்பதுக்கு இரண்டு மூன்று குறைவாக வந்தன. உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் கசியும் என்பதால் வேகமாக உருட்டி வைத்துவிட வேண்டும். அழகுபார்த்து உருட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சாக்லேட்

பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் போய்ச் சாக்லேட் கட்டி கேட்டால் முதலில் எடுத்துத் தருவது ‘காம்பவுண்ட்’. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும். கொக்கோ பட்டர் என்று இருந்தால் அசல். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று தொடங்கினால் காம்பவுண்ட். பெரும்பாலும் பனங்கொட்டை எண்ணெயிலிருந்து, அதாவது செம்பனையின் கொட்டையிலிருந்து எடுத்த கொழுப்பு. அசல், விலையில் இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது.

காம்பவுண்டை இளக்காரமாகப் பேசுவது இணையத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வறட்டுக் கௌரவம் இல்லை. உருக்கி, முக்கி, வைத்துவிட்டால் தானாகவே உறையும். வெப்பநிலை விளையாட்டு எதுவும் இல்லை. பங்குனிக்குப் பிறகு இந்த ஊரில் செய்ய வேண்டுமென்றால் அதுதான் வழி. வாயில் மெழுகுத் தன்மை தெரியும், கொக்கோவின் பின்சுவை நிற்காது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள், போதும். ஆனால் சிக்கனம் பார்த்து அசலையும் காம்பவுண்டையும் சரிபாதி கலக்க மட்டும் வேண்டாம். இரு கொழுப்புகளும் ஒன்றின் படிகத்தை மற்றொன்று கெடுத்து, தனித்தனியாக இருந்ததைவிட இளகிய கலவையாகிவிடும்.

நான் கொக்கோ 55 சதவீதம் உள்ள டார்க் சாக்லேட் எடுத்தேன், அசல். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவிலிருந்து செய்ததும் இப்போது கிடைக்கிறது. கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருக்கும், கடலைக்கு அது பொருந்துகிறது. முக்குவதற்கு 400 கிராமாவது உருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு போவது 200 கிராம்தான் என்றாலும், பாத்திரத்தில் ஆழம் இல்லாவிட்டால் உருண்டை மூழ்காது.

அசல் சாக்லேட்டை வெறுமனே உருக்கி ஆறவிட்டால் மங்கி, கையில் ஒட்டி, சில நாளில் சாம்பல் கோடுகளோடு நிற்கும். கொக்கோ பட்டர் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது விதம்தான் பளபளப்பு, ‘டக்’கென்ற முறிவு, 34 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் தன்மை ஆகிய மூன்றையும் தருகிறது. நான்காவதோ 27, 28 டிகிரியிலேயே இளகிவிடும். வேலூரில் அது பெரும்பாலான நாள்களில் நிழலின் வெப்பம்கூட இல்லை. ஆகவே அந்த ஐந்தாவது படிகம் வருமாறு சாக்லேட்டை உருக்கிப் பக்குவமாக ஆற்றும் ‘டெம்பரிங்’ என்பது இங்கே வெறும் அழகு வேலை கிடையாது. குளிர் நாட்டில் சோம்பேறித்தனமாகச் செய்தாலும் பண்டம் நிற்கும். நம் ஊரில் ஐந்தாவது படிகம் இல்லையென்றால் பண்டமே இல்லை.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி மூன்றில் இரண்டு பங்கை ஒரு கிண்ணத்தில் போட்டேன். கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீரில் படாமல் கிண்ணத்தை மேலே வைத்தேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் ஆவி பக்கவாட்டில் எழுந்து கிண்ணத்துக்குள் துளியாக விழும். ஒரு துளி போதும்: சர்க்கரையும் கொக்கோத் தூளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, உருகிய சாக்லேட் கண்ணெதிரே திப்பித்திப்பியாக இறுகிவிடும். அப்படி ஆனதைப் பாலில் கலந்து குடிக்கலாம், முக்க முடியாது. கரண்டி, கிண்ணம், கை எல்லாம் பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

47 டிகிரிக்கு வந்ததும் கீழே இறக்கி, மீதி மூன்றில் ஒரு பங்கைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கிளறினேன். உருகாத துண்டுகளில் நல்ல படிகம் ஏற்கெனவே இருக்கிறது. பாலுக்கு உறை மோர் போல அது மற்றதைத் தன் வழிக்குக் கொண்டுவருகிறது. 31, 32 டிகிரிக்கு இறங்கும்வரை கிளறல் நிற்கக் கூடாது. மில்க் சாக்லேட் என்றால் இன்னும் இரண்டு டிகிரி கீழே. அறை 23 டிகிரியில் இருந்ததால் கால் மணி நேரத்தில் இறங்கியது. அறை 30 டிகிரியில் இருக்கும் நாளில் செய்பவர்களுக்கு 35க்குக் கீழே முள் நகராது. கிண்ணத்தின் அடியை அகலமான தட்டில் ஊற்றிய பானைத் தண்ணீரில் இருபது விநாடி வைத்து எடுத்து, அடியைத் துடைத்துவிட்டுக் கிளறலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம்; ஓரம் கட்டியாகி நடுப்பகுதி சூடாகவே இருக்கும்.

குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் பாதரசக் குழாய் உதவாது, அதன் கணக்கே 35இல்தான் தொடங்குகிறது. அதைச் சாக்லேட்டில் விடுவது வேறு ஆபத்து. எதுவும் இல்லையென்றால் கீழுதட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். உடம்பு 37 என்பதால் 31 டிகிரிச் சாக்லேட் லேசான குளிர்ச்சியாகத் தெரியும். கத்தி முனையில் தோய்த்து மின்விசிறியின் கீழே வைத்தேன். ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்போடு இறுகிவிட்டது. அது நடக்காமல் முக்கத் தொடங்கக் கூடாது.

முக்குவது

குளிர்பதனப் பெட்டியில் இருந்த உருண்டைகளைக் கால் மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைத்திருந்தேன். வேறுபாட்டைப் பார்ப்பதற்காகச் சிலவற்றை மட்டும் ஜில்லென்றே முக்கினேன். அவை நொடியில் உறைந்தன, பார்க்க வசதியாகத்தான் இருந்தது. மேற்பரப்பு மட்டும் மங்கல், பூச்சு தடிப்பு. ஒரு மணி நேரத்தில் உள்ளே பூரணம் சூடேறி விரிய, ஓட்டில் மயிரிழை போலக் கீறல் விட்டு, அந்தக் கீறல் வழியே எண்ணெய் முத்து முத்தாக வெளியே வந்தது. அறைச் சூட்டுக்கு வந்த உருண்டைகளில் இந்தத் தொல்லை ஏற்படவில்லை.

பல்குச்சியில் குத்தி முக்கினால் ஓட்டை விழும். ஒரு முள்கரண்டியின் மேல் உருண்டையை வைத்து, முழுகவிட்டு, தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் நான்கு தட்டுத் தட்டி, அடியை விளிம்பில் வழித்துவிட்டு, வெண்ணெய்க் காகிதத்தில் நழுவவிட வேண்டும். தட்டுவதில் கஞ்சத்தனம் காட்டினால் உருண்டை உறையும்போது அடியில் பாதம் போல ஒரு தட்டை விரியும். தின்பதற்கு ஒன்றும் கேடில்லை. பாதி வேலையில் சாக்லேட் கெட்டிப்பட ஆரம்பித்தது. கிண்ணத்தின் அடியில் தலைமுடி உலர்த்தியைச் சில விநாடி காட்டினேன். 33ஐத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் சேர்த்து வைத்த படிகம் எல்லாம் உருகி, வேலை முதலிலிருந்து தொடங்கும்.

பக்ஐயின் அந்தத் திறந்த வட்டத்தை நான் வைக்கவில்லை. நம் வெப்பத்தில் அந்த வட்டம் வழியாக எண்ணெய் வியர்க்கிறது, காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. முழுவதும் மூடி, மேலே இரண்டு கல்லுப்புத் துகள்கள் வைத்தேன். மின்விசிறியை ஓடவிட்டேன்; உறையும்போது சாக்லேட் தன் சூட்டை வெளியேற்றும், அதைக் காற்று எடுத்துச் செல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் காகிதத்திலிருந்து தாமாகவே கழன்று வந்தன. அடிப்பக்கம் கண்ணாடி.

வைத்திருந்து பார்த்தது

ஒரு டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு டப்பா குளிர்பதனப் பெட்டியில். அலமாரியில் இருந்தவை ஒரு வாரம் போனதும் பளபளப்பில் ஒரு பிடி இறங்கின, ஓடும் சற்று மென்மையாகியிருந்தது. கடலை எண்ணெய் அறை வெப்பத்தில் திரவம். அது பூரணத்திலிருந்து மெல்ல ஓட்டுக்குள் நடந்து கொக்கோ பட்டரை இளக்குகிறது. உலகெங்கும் கடலை, முந்திரி வைத்த சாக்லேட்டுகளுக்கு உள்ள நோய் இது, வெப்பம் கூடக் கூட நடை வேகமாகும். பூரணத்தில் கலந்த கொக்கோ பட்டர் அந்த நடையைத் தாமதப்படுத்துகிறது, தடுத்துவிடவில்லை. தை மாதத்தில் இரண்டு வாரம் வரை வெளியே வைக்கலாம் என்பது என் மதிப்பீடு. மாசி கடைசியில் நான்கு நாள்கூடத் தர மாட்டேன்.

குளிர்பதனப் பெட்டியில் வைப்பதில் ஒரு கட்டுப்பாடு. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்தபின் டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த ஓட்டின்மேல் காற்றின் ஈரம் படியும், ஓட்டில் உள்ள சர்க்கரை அதில் கரையும், தண்ணீர் காய்ந்ததும் சர்க்கரை வெள்ளைப் பொடியாக மேலே நிற்கும். பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரலால் தடவிப் பாருங்கள்: கொரகொரப்பாக இருந்தால் சர்க்கரை, வழுக்கினால் கொழுப்பு. இரண்டையும் தின்னலாம்.

வீட்டில் வாக்குகள் பிரிந்தன. பையனுக்கு ஓடு தடிப்பாக இருந்த, நான் சோதனைக்குச் செய்த கீறல் உருண்டைகள்தான் பிடித்தன. “உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறது. மேலே ஏன் இந்தக் கசப்பைப் பூசினாய்?” என்று அத்தை கேட்டுவிட்டு, ஓட்டை உரித்து ஓரமாக வைத்துவிட்டுப் பூரணத்தை மட்டும் தின்றார். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கும்போது கடலை ஒவ்வாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே கொடுத்தேன். சாக்லேட் மூடியிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. வேர்க்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும்.

சென்னையில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு டப்பா அனுப்பக் கூரியரை யோசித்து, கைவிட்டேன். உச்சிவெயிலில் வண்டிக்குள் பெட்டி எத்தனை டிகிரியில் கிடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறிய உறவினர் கையில் கொடுத்தனுப்பினேன், நன்றாகவே போய்ச் சேர்ந்தது. கிண்ணத்தில் மிஞ்சிய சாக்லேட்டில், வறுத்து மீந்த முழுக் கடலையைக் கொட்டிப் புரட்டி, கரண்டி கரண்டியாகக் காகிதத்தில் இட்டேன். அதற்கு உருட்டலும் இல்லை, முக்கலும் இல்லை. அடுத்த முறை வேர்க்கடலையை அரைக் கிலோவாக வாங்கி, பாதியை இதற்கே ஒதுக்கப்போகிறேன்.